அரசுக் கல்லூரியில் கட்டணச் சலுகை: சான்றிதழ் வாங்குவது முதல் பணம் கணக்கில் ஏறுவது வரை

தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ இடம் கிடைத்த பிள்ளை, பணம் இல்லையென்று படிப்பை விட வேண்டிய நிலை பெரும்பாலும் வரக்கூடாது. அதற்கான திட்டங்கள் இருக்கின்றன. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் தகுதியுள்ள பிள்ளைகள் முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்டுப் போகிறார்கள். காலாவதியான வருமானச் சான்றிதழ், ஆதாரில் ஒரு மாதிரியும் மதிப்பெண் பட்டியலில் இன்னொரு மாதிரியும் இருக்கும் இனிஷியல், கலந்தாய்வு விண்ணப்பத்தில் டிக் செய்யாமல் விட்ட ஒரு கட்டம் என்று காரணங்கள் சின்னவை. இழப்பு மட்டும் நான்கு வருடத்துக்கும் சேர்த்து. ஆகவே எந்தச் சலுகை யாருக்கு, எந்தக் காகிதம் எப்போது, எங்கே சிக்கும் என்பதை வரிசையாகப் பார்த்துவிடலாம்.

எந்தச் சலுகையைப் பிடிப்பது

எல்லாச் சலுகையையும் ஒன்றாக வாங்க முடியாது. ஒரே கல்விக் கட்டணத்தை அரசு இரண்டு முறை கட்டாது. அதனால் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி வந்து, உங்கள் பிள்ளைக்குப் பொருந்தும் முதல் திட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது இது. மருத்துவப் படிப்புக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021-லும் சட்டம் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. இதற்கு வருமான வரம்பு இல்லை, சாதியும் பார்ப்பதில்லை. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, வனத்துறைப் பள்ளி எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும். அரசு உதவி பெறும் பள்ளி வராது. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் தகுதி பெறுவார்கள். ஊர் மாறியதால் இரண்டு மூன்று பள்ளியில் படித்திருந்தால் ஒவ்வொரு தலைமையாசிரியரிடமும் தனித்தனியே படிப்புச் சான்று வேண்டும். நடுவில் ஒரு வருடம் மெட்ரிக் பள்ளிக்குப் போய்விட்டு வந்த பிள்ளைக்கு இந்த வழி அடைபட்டுவிடும்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் பொதுக் கலந்தாய்விலும் கலந்துகொள்ளலாம். ஆனால் முழுக் கட்டண விலக்கு 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் எடுத்தவர்களுக்குத்தான். பொதுப் பட்டியலில் கொஞ்சம் பேர்பெற்ற கல்லூரி கிடைக்கிறதே என்று அதை உறுதி செய்வதற்கு முன், நான்கு வருடக் கட்டணமும் விடுதிச் செலவும் எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்தது எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர்களுக்கும் மாநில அரசின் திட்டம் இருக்கிறது. கட்டாயக் கட்டணங்கள் இதில் அடங்கும். அதோடு பராமரிப்புப் படியும் உண்டு. எஸ்சி மாணவர்களுக்கான 2021 விதிகளின்படி பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில் விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து வந்து போகிறவருக்கு 7,000 ரூபாய். சாதாரணப் பட்டப்படிப்பு என்றால் முறையே 6,000, 3,000. ஒரு பட்டம் முடித்துவிட்டு அதே நிலையில் இன்னொரு பட்டம் படிக்கச் சேர்ந்தால் பொதுவாகக் கிடைக்காது. பிஏ முடித்தவர் மறுபடி பிஎஸ்சி சேர்வது போன்ற திட்டம் இருந்தால் இதையும் கணக்கில் வையுங்கள்.

பிசி, எம்பிசி, சீர்மரபினர் மாணவர்களுக்கு வேறு கணக்கு. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரியில் மூன்றாண்டு பிஏ, பிஎஸ்சி, பிகாம் படித்தால் வருமான நிபந்தனை இல்லாமலேயே இலவசக் கல்வித் திட்டத்தில் உதவி உண்டு. முதுகலைக்கும் பாலிடெக்னிக்குக்கும் தொழிற்படிப்புக்கும் 2.5 லட்ச வரம்பு வந்துவிடும். உதவி பெறும் கல்லூரியில் சேரும்போது, “இந்த வகுப்பு எய்டெட் பிரிவா, சுயநிதிப் பிரிவா?” என்று கட்டாயம் கேளுங்கள். ஒரே கட்டடத்தில் ஒரே பாடம் காலையில் எய்டெட், மாலையில் சுயநிதி என்று நடக்கும். பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

இவை எதுவும் பொருந்தாதவர்களுக்கு இருப்பது முதல் பட்டதாரி சலுகை. பலருக்கும் பெயர் தெரிந்த திட்டம் இதுதான், தகராறும் இதில்தான் அதிகம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதல் பட்டதாரி: யார் கணக்கில் வருவார்கள்

2010-11 கல்வியாண்டில் தொடங்கிய திட்டம் இது. குடும்பத்தில் இதுவரை யாருமே பட்டம் வாங்கியிருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அடிப்படை நிபந்தனை. வருமான வரம்பும் சாதி வரம்பும் கிடையாது. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்படிப்பில் சேர வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இல்லை. அரசுக் கல்லூரியிலும் பல்கலைக்கழகத் துறைகளிலும் கல்விக் கட்டணம் தள்ளுபடி ஆகும். சுயநிதிப் பொறியியல் கல்லூரி என்றால் ஆண்டுக்கு 25,000 ரூபாயை அரசு கட்டும், நான்கு வருடத்துக்கு ஒரு லட்சம்.

குடும்பம் என்றால் அப்பா, அம்மா, அப்பாவழித் தாத்தா பாட்டி, அம்மாவழித் தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் அக்கா பட்டதாரி என்றாலும் அவர் உடன்பிறந்தவர்தான், கணக்கில் வருவார். ரேஷன் கார்டில் பெயர் நீக்கியாகிவிட்டது என்பதால் அது மாறாது. சித்தப்பா, மாமா, அத்தை, அண்ணி படித்திருப்பது தடையில்லை. அஞ்சல் வழியில் வாங்கிய பட்டமும் பட்டம்தான். ஐடிஐயும் டிப்ளமோவும் பட்டம் இல்லை, ஆகவே பாலிடெக்னிக் முடித்த அண்ணன் இருந்தால் பயப்பட வேண்டாம். அதே சமயம், அந்த அண்ணன் பகுதி நேரமாக பிஇ முடித்துவிட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் ஏற்கெனவே இந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தால் தம்பி தங்கைக்கு மறுபடி கேட்க முடியாது.

எஸ்சி, எஸ்டி குடும்பங்கள் தவறவிடும் ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டிவிட்டால் போஸ்ட் மெட்ரிக் கிடைக்காது. ஆனால் முதல் பட்டதாரி சலுகைக்கு வருமானம் தடையே இல்லை. அப்பா நிரந்தர வேலையில் இருக்கும் துப்புரவுப் பணியாளர் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் வரம்பைத் தாண்டியிருக்கும், வீட்டில் பட்டதாரி யாரும் இருக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை “நமக்கு எதுவும் இல்லை” என்று நினைத்துக்கொண்டு பணம் கட்டிவிடக் கூடாது.

இ-சேவை மையத்தில்

முதல் பட்டதாரி சான்றிதழும் வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் இ-சேவை வழியாகத்தான். முதலில் விண்ணப்பதாரருக்கு கேன் எண், அதாவது இ-சேவையில் அவரை அடையாளம் காட்டும் பதிவு எண் போட வேண்டும். ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு ஓடிபி வரும், ஆகவே அந்த சிம் கையில் இருக்க வேண்டும். பழைய எண் செத்துப்போயிருந்தால் ஆதார் மையத்தில் எண்ணை மாற்றிவிட்டு வாருங்கள். இல்லையென்றால் முதல் நாளே திரும்பி வர வேண்டியிருக்கும். மையத்தில் ஒரு சான்றிதழுக்கு 60 ரூபாய் கட்டணம். அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள்.

முதல் பட்டதாரிக்குக் கொண்டுபோக வேண்டியவை: புகைப்படம், குடும்ப அட்டை, முகவரிச் சான்று, மாணவரின் டிசி, அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவரின் டிசி அல்லது கடைசியாகப் படித்ததற்கான சான்று, விண்ணப்பதாரர் கையெழுத்திட்ட சுய உறுதிமொழி. பெற்றோரில் ஒருவர் பள்ளிக்கே போகாதவர் என்றால் அதையும் உறுதிமொழியில் எழுத வேண்டும். வெற்றாக விட்டால் கிராம நிர்வாக அலுவலர் அங்கேயே நிறுத்திவிடுவார். ஒரு தாளில் அட்டவணை போட்டுக்கொண்டு போவது நல்லது. பெயர், உறவு, உயிரோடு இருக்கிறாரா, எதுவரை படித்தார், அதற்கு இணைத்திருக்கும் காகிதம் என ஐந்து கட்டங்கள். தாத்தா பாட்டி நால்வரையும் விடாமல் எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலரும் (விஏஓ) வருவாய் ஆய்வாளரும் (ஆர்ஐ) கேட்கும் கேள்விகளில் பெரும்பகுதிக்கு இந்த ஒரு தாளே பதில் சொல்லிவிடும்.

விண்ணப்பம் விஏஓ, வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும். மண்டலத் துணை வட்டாட்சியர் ஒப்புதல் தந்ததும் க்யூஆர் குறியீட்டோடு சான்றிதழ் வரும். ஏற்புச் சீட்டில் இருக்கும் எண்ணை வைத்து விண்ணப்பம் யாரிடம் நிற்கிறது என்று பார்க்கலாம். விஏஓவிடம் நான்கைந்து நாள் அசையாமல் இருந்தால் நேரில் போய்விடுங்கள். திருப்பி அனுப்பியிருந்தால் காரணத்தைப் படித்துவிட்டு அதே காகிதத்தைச் சரிசெய்து போடுங்கள். காரணம் தெரியாமல் புதிதாக விண்ணப்பித்தால் மறுபடியும் அதே காரணத்துக்காகவே திரும்பும்.

எப்போது போக வேண்டும்? பிளஸ் டூ தேர்வு முடிந்த வாரமே. மே மாதம் முடிவு வந்த பிறகு மாவட்டமே அந்த அலுவலகத்தில்தான் நிற்கும், சர்வரும் திணறும். சாதிச் சான்றிதழ் ஏற்கெனவே இருந்தால் அதுவே போதும். வருமானச் சான்றிதழ் மட்டும் ஓராண்டுக்குத்தான் செல்லும், ஆகவே அதை ஆண்டுதோறும் புதிதாக வாங்க வேண்டும்.

வருமானச் சான்றிதழில் எழுதும் தொகையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2.5 லட்சம் என்றால் மாதம் ஏறக்குறைய 20,800 ரூபாய். சம்பளக்காரர் என்றால் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் எழுதுவார்கள், அதில் குழப்பமில்லை. கூலி, விவசாயம், சிறுகடை என்றால் மதிப்பீடுதான். அப்போது உதவித்தொகைக்கு ஒரு தொகை, வங்கிக் கடனுக்கு இன்னொரு தொகை என்று இரண்டு சான்றிதழ் வாங்கிவிடுகிறார்கள். பின்னால் சரிபார்ப்பு வரும்போது இரண்டுமே அடிபடும். உள்ளதைச் சொல்லி ஒரே சான்றிதழை எல்லா இடத்திலும் கொடுங்கள்.

பெயர் விஷயத்தையும் இப்போதே முடித்துவிட வேண்டும். மதிப்பெண் பட்டியலில் “கார்த்திக் மு” என்றும், ஆதாரில் “முனியாண்டி கார்த்திக்” என்றும், வங்கிக் கணக்கில் வெறும் “கார்த்திக்” என்றும் இருக்கும். பார்ப்பவருக்கு ஒரே ஆள்தான். கணினிக்கு மூன்று பேர். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருப்பதே அடிப்படை என்று வைத்துக்கொண்டு ஆதாரையும் வங்கியையும் அதற்கு ஒத்துப்போகும்படி மாற்றுங்கள்.

கலந்தாய்வும் சேர்க்கை நாளும்

பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பத்தில் முதல் பட்டதாரியா, அரசுப் பள்ளி மாணவரா, போஸ்ட் மெட்ரிக் உதவிக்குத் தகுதியா என்ற கேள்விகள் தனித்தனியே வரும். பதிவுக் கட்டணம் எஸ்சி, எஸ்சிஏ (அருந்ததியர்), எஸ்டி பிரிவினருக்கு 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. சலுகைக் கேள்விக்கு “இல்லை” என்று போட்டுச் சான்றிதழ் சரிபார்ப்பும் முடிந்துவிட்டால், பிறகு மாற்றுவது பெரும்பாடு. முதல் பட்டதாரி என்றால் சான்றிதழ் மட்டும் போதாது. மாணவரும் பெற்றோரும் கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவத்தையும் பதிவேற்ற வேண்டும். சான்றிதழை ஏற்றிவிட்டுக் கூட்டு உறுதிமொழியை மறப்பது அடிக்கடி நடக்கிறது. சரிபார்ப்பில் குறை சொல்லி விண்ணப்பம் திரும்பி வந்தால், கொடுத்த கெடுவுக்குள் உதவி மையத்துக்குப் போய் முடித்துவிடுங்கள்.

ஒதுக்கீட்டு ஆணை வந்ததும் பிரிண்ட் எடுத்து, அதில் நீங்கள் கேட்ட சலுகை குறிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கல்லூரிக்குப் போவதற்கு முன்பே உதவி மையத்தில் கேட்க வேண்டும். கல்லூரி அலுவலகம் அதைத் திருத்த முடியாது.

சேர்க்கை நாளில் கட்டணப் பட்டியலை வரிவரியாக வாங்கிப் படியுங்கள். கல்விக் கட்டணம், சிறப்புக் கட்டணம், காப்புத் தொகை, தேர்வுக் கட்டணம், பேருந்து, விடுதி, பயிற்சிக் கட்டணம் என்று ஏழெட்டு தலைப்புகள் இருக்கும். முதல் பட்டதாரி சலுகை தள்ளுபடி செய்வது கல்விக் கட்டணத்தை மட்டும். மற்றவற்றைக் கட்டத்தான் வேண்டும், அதற்கான பணத்தைத் தயாராக வைத்திருங்கள். அரசு கலை அறிவியல் கல்லூரியில் இளநிலைக்குக் கல்விக் கட்டணம் என்று தனியே வாங்குவதில்லை, அங்கே கட்டுவது பெரும்பாலும் சிறப்புக் கட்டணங்கள்தான். காப்புத் தொகை படிப்பு முடிந்ததும் திருப்பித் தர வேண்டியது. அந்த ரசீதை நான்கு வருடம் பத்திரமாக வைத்திருப்பவருக்குத்தான் அது எளிதில் திரும்பும்.

“இப்போது முழுசாகக் கட்டுங்கள், அரசுப் பணம் வந்ததும் தருகிறோம்” என்று சொன்னால், தலைப்பு பிரித்த ரசீது கேளுங்கள். மொத்தமாக “கட்டணம்” என்று ஒரே வரியில் எழுதிய ரசீதை வைத்துக்கொண்டு பின்னால் எந்த அலுவலகத்திலும் வாதாட முடியாது. எஸ்சி மாணவர்களுக்கு மத்திய வழிகாட்டு நெறியிலேயே ஃப்ரீஷிப் கார்டு என்ற ஏற்பாடு இருக்கிறது. சேரும்போது கட்டணம் கட்டாமல் சேர்வதற்காகத்தான் அது. மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

பணம் கணக்கில் ஏற

கல்லூரியில் சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. மாநில அரசின் உதவித்தொகைகள் யுமிஸ் என்ற இணையத்தளம் வழியாக நடக்கின்றன. பள்ளியில் எமிஸ் எண் போல, கல்லூரியில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு யுமிஸ் எண். ஒவ்வொரு கல்லூரியிலும் இதற்கென்று ஒரு தொடர்பு அலுவலர் இருப்பார். முதல் மாதத்திலேயே அவரைப் பார்த்து உங்கள் எண்ணை வாங்கி, பெயர், சாதி, படிப்பு, ஆண்டு, விடுதியா வீடா என்ற ஐந்தையும் திரையில் காட்டச் சொல்லிச் சரிபாருங்கள். விடுதியில் இருப்பவரை வீட்டிலிருந்து வருபவர் என்று போட்டுவிட்டால் படித்தொகை பாதியாகிவிடும். விண்ணப்பித்ததோடு நிற்காமல், கல்லூரி அதை மேலே அனுப்பிவிட்டதா என்றும் பாருங்கள். கல்லூரி மேசையிலேயே கிடந்து கெடு முடிந்துபோன விண்ணப்பங்கள் ஏராளம்.

எஸ்சி போஸ்ட் மெட்ரிக்கில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. மத்தியப் பங்கு நேரடியாக மாணவரின் ஆதார் சீடிங் ஆன கணக்குக்கு வரும். அதில் கல்லூரிக்குச் சேர வேண்டிய கட்டணமும் இருக்கலாம். திடீரென்று பெரிய தொகை ஏறியதும் வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டு, கடைசி செமஸ்டரில் ஹால் டிக்கெட்டுக்காகக் கடன் வாங்கும் குடும்பங்கள் இருக்கின்றன. பணம் ஏறிய அன்றே கல்லூரி அலுவலகத்தில் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டுக் கட்டிவிட்டு, மிச்சத்தை எடுங்கள்.

ஆதார் சீடிங் என்பதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கணக்கு திறக்கும்போது ஆதார் நகல் கொடுத்தது சீடிங் ஆகாது. வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ அமைப்பின் பட்டியலில் உங்கள் ஆதாருக்கு எதிரே எந்த வங்கி பதிவாகியிருக்கிறதோ அங்கேதான் பணம் போகும். விண்ணப்பத்தில் நீங்கள் வேறு கணக்கு எண் எழுதியிருந்தாலும் அதுதான் நிலை. மைஆதார் தளத்தில் வங்கி சீடிங் நிலை என்ற இடத்தில் பார்த்தால் வங்கியின் பெயர் தெரியும். தவறான வங்கி காட்டினால், சரியான வங்கிக் கிளைக்குப் போய் சீடிங் படிவம் கொடுத்து மாற்றுங்கள்.

இன்னும் இரண்டு சிக்கல்கள் வங்கியில் உண்டு. இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும், கேஒய்சி கொடுத்து உயிர்ப்பிக்க வேண்டும். முழு ஆவணம் இல்லாமல் திறந்த சிறு கணக்குகளில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, ஓராண்டு வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு இருக்கிறது. பள்ளியில் திறந்துகொடுத்த கணக்கு எந்த வகை என்று கேட்டு, தேவைப்பட்டால் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடுங்கள்.

மாதம் ஆயிரம்

அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-இல் வந்தது. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இரண்டிலும் சேரலாம். படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது கூடுதலாகக் கிடைக்கும் என்பதுதான் இதன் சிறப்பு. மூன்று வருடப் படிப்புக்குக் கிட்டத்தட்ட 36,000, நான்கு வருடத்துக்கு 48,000. இதுவும் யுமிஸ் வழியாகத்தான். எமிஸ் எண் தப்பாகப் பதிவானால் அரசுப் பள்ளியில் படித்ததே கணினிக்குத் தெரியாமல் போகும். எமிஸ் எண் பள்ளியில் கேட்டால் கிடைக்கும்.

ஐஐடி, என்ஐடி

சென்னை ஐஐடி, திருச்சி என்ஐடி போன்றவை மத்திய நிறுவனங்கள், அங்கே கணக்கு வேறு. ஐஐடியில் பிடெக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம், என்ஐடியில் 1.25 லட்சம். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுவதும் விலக்கு. மற்றவர்களில் குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குக் கீழே என்றால் முழு விலக்கு, 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. என்ஐடி மாணவர் இந்த இரண்டாம் வகையில் வந்தால் ஆண்டுக்கு 41,667 ரூபாய் கட்டினால் போதும், நான்கு வருடத்தில் மிச்சமாவது 3.33 லட்சம். வருமானம் 5 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டினாலும் முழுத் தொகையும் கட்ட வேண்டும். எல்லையில் இருக்கும் குடும்பம் எந்த நிதியாண்டின் வருமானத்தைக் கேட்கிறார்கள் என்று பார்த்து அந்த ஆண்டுக்கே சான்றிதழ் வாங்க வேண்டும். இதெல்லாம் கல்விக் கட்டணத்துக்கு மட்டும், மெஸ், விடுதி தனி.

அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்து ஐஐடி, ஐஐஎஸ்சி, எய்ம்ஸ் போன்ற நிறுவனத்தில் இளநிலை சேர்பவர்களின் முழுச் செலவையும் மாநில அரசே ஏற்கும் என்று 2022-23 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. பிசி, எம்பிசி, சீர்மரபினரில் 2.5 லட்சத்துக்குள் வருமானம் உள்ளவர்கள் மத்திய நிறுவனத்தில் படித்தால் ஆண்டுக்கு 2 லட்சம் வரை உதவி கேட்கலாம். மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மத்திய உதவித்தொகை: கணக்குப் போட்டுப் பார்த்து

பிளஸ் டூவில் தங்கள் வாரியத்தின் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தேசிய உதவித்தொகைத் தளத்தில் கல்லூரி மாணவர்களுக்கான மத்தியத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். இளநிலைக்கு ஆண்டுக்கு 12,000, முதுகலைக்கு 20,000. புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். ஆனால் வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்குபவர் இதை வாங்க முடியாது. முதல் பட்டதாரியாக 25,000 பெறும் பிள்ளை 12,000-க்காக அதை விடக்கூடாது. அரசு கலைக் கல்லூரியில் கல்விக் கட்டணமே இல்லாமல், வேறு உதவியும் இல்லாமல் படிக்கும் ஓசி (பொதுப் பிரிவு) மாணவருக்கு இது அருமையான வழி, அவர்களில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழில்நுட்பம் படிக்கும் பெண்களுக்குப் பிரகதி, 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுள்ளவர்களுக்கு சக்ஷம் என்று இரண்டு இருக்கின்றன. இரண்டிலும் ஆண்டுக்கு 50,000, வருமான வரம்பு 8 லட்சம். பிரகதியில் ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை.

விடுதி

கட்டணம் இல்லாமல் போனாலும் சாப்பாடும் தங்குமிடமும்தான் பிள்ளையைத் திருப்பி அனுப்பும். 2025 ஜூலையிலிருந்து சமூகநீதி விடுதிகள் என்று அழைக்கப்படும் அரசு நல விடுதிகளில் உணவும் தங்குதலும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் விடுதிக்கு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து கல்லூரி குறைந்தது 8 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், மாணவிகளுக்கு இந்தத் தூர விதி இல்லை. கல்லூரியின் சொந்த விடுதியில் முன்பணம் கட்டுவதற்கு முன்பே இங்கே விண்ணப்பித்துவிடுங்கள். இடங்கள் குறைவு, கல்லூரி திறக்கும் வாரத்தில் நிரம்பிவிடும்.

இரண்டாம் ஆண்டில் நின்றுபோனால்

முதல் வருடம் வந்த பணம் இரண்டாம் வருடம் வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் பழைய வருமானச் சான்றிதழ், அல்லது கல்லூரி யுமிஸில் ஆண்டை உயர்த்தாமல் விட்டது. ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிய வருமானச் சான்றிதழ் வாங்கி, கல்லூரி திறந்ததும் உதவித்தொகைப் பிரிவில் கொடுத்து, வாங்கியதற்கு ஒப்புகை கேளுங்கள். வங்கிக் கணக்கு மாற்றியிருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

எல்லாம் போக மிஞ்சும் செலவுக்கு மட்டும் வங்கிக் கடன். சலுகை இன்னும் வரவில்லை என்று முழுக் கட்டணத்துக்கும் கடன் போட்டால், அரசு கட்டும் தொகைக்கு நீங்கள் வட்டி கட்டுவீர்கள். கல்விக் கடனில் 4 லட்சம் வரை உங்கள் கையிலிருந்து ஒரு பங்கு போடச் சொல்லிக் கேட்பதில்லை. தொழிற்படிப்புக்கு வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால், படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசு ஏற்கும். 2024 நவம்பரில் ஒப்புதலான பிஎம் வித்யாலட்சுமியில், தேர்ந்தெடுத்த தரமான நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு 8 லட்ச வருமானம் வரை, 10 லட்சக் கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை.

சலுகை மறுத்தாலோ, கட்டிய பணம் திரும்பாவிட்டாலோ வாய்ச்சொல்லோடு வராதீர்கள். கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் மனு கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு, அந்த நகல், தலைப்பு பிரித்த ரசீது, ஒதுக்கீட்டு ஆணை, சான்றிதழ் நான்கையும் சேர்த்து மாவட்ட நல அலுவலரிடம் கொடுங்கள். அங்கும் நகராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் பதிவு செய்யுங்கள், அல்லது முதலமைச்சரின் உதவி எண் 1100-க்கு அழையுங்கள். இரண்டிலும் மனு எண் கிடைக்கும். அடுத்த முறை போகும்போது அந்த எண்ணைச் சொல்லியே பேச்சைத் தொடங்குங்கள்.